முந்திரிக்கொட்டைச் செம்பும் வெண்கல முலாமும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதன்முதலாக வெண்கல முலாம் பூசிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு திரும்பி வருவார்கள். "செம்பு உப்பும் வெள்ளீய உப்பும் சம அளவு போட்டேன், தகடு ஏன் செக்கச்செவேல் என்று வருகிறது?" அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய முலாம் பட்டறையில் வேலை பழகிய நாட்களில் நானும் இதையே கேட்டேன். அங்கிருந்த மூத்தவர் சொன்னார்: "செம்பு முந்திரிக்கொட்டை தம்பி. முந்திக்கிட்டு வந்து உக்காந்துக்கும். அதை இழுத்துப் பிடிக்கத் தெரிஞ்சாத்தான் வெண்கலம்."

அவர் ஒரே வரியில் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க விரித்துச் சொல்லப்போகிறேன். மின்சாரத்தின் மூலம் படிவதில் செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. ஓர் உலோகம் எவ்வளவு எளிதாகப் படியும் என்பதைக் காட்டும் அளவு நியம மின்னழுத்தம், அது கூடினால் படிவது எளிது. செம்புக்கு அது +0.34 வோல்ட், வெள்ளீயத்துக்கு −0.14 வோல்ட். இடையில் கிட்டத்தட்ட அரை வோல்ட். சாதாரண அமிலக் கரைசலில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் செம்பு முதலில் படியும், வெள்ளீயம் வேடிக்கை பார்க்கும். ஆகவே தொட்டியில் நீங்கள் கலக்கும் விகிதம் தகட்டில் அப்படியே வராது. கரைசல், மின்னோட்டம், கலக்கும் வேகம், வெப்பம் எல்லாம் சேர்ந்துதான் அந்த விகிதத்தைத் தீர்மானிக்கின்றன.

எதற்காக இவ்வளவு பாடு? நிக்கல் முலாம் மலிவு, பளபளப்பு, எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. ஆனால் நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. கவரிங் தோடு போட்டுக் காது மடல் புண்ணாகிப்போன ஒருவராவது உங்கள் வீட்டில் இருப்பார். தோலில் படும் பொருள்களிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பொத்தான், ஜிப், பட்டைக் கொக்கி, அலங்கார நகை ஆகியவற்றில் தங்க முலாமுக்கு அடியில் நிக்கலுக்குப் பதிலாக வெண்கலம் பூசுவது பரவியது. வெள்ளீயம் 10 முதல் 15 சதவீதம் இருந்தால் பொன்னிறம் வரும். 40 சதவீதத்தைத் தாண்டினால் வெள்ளி போன்ற வெண்மை, அதைத்தான் வெள்ளை வெண்கலம் என்கிறார்கள். வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் எப்படி ஒளிரும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி வார்த்து மெருகேற்றிய வெண்கலம்தான், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம். நியூட்டன் 1668இல் செய்த தொலைநோக்கியின் ஆடியும் இதே குடும்பம்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். ஆனால் கடையில் போய் "ஈயம்" என்று மட்டும் கேட்டால் காரீயத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். காரீயம் நஞ்சு. "டின்" என்று கேளுங்கள், சீட்டிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

சயனைடு பக்கம் போகவேண்டாம்

தொழிற்சாலைகளில் வெண்கல முலாமுக்கு நெடுங்காலமாக ஓடுவது சயனைடும் ஸ்டானேட்டும் (வெள்ளீய உப்பு ஒன்று) கலந்த கரைசல். அதன் சிறப்பு என்னவென்றால் செம்பைச் சயனைடு பிடித்துக்கொள்கிறது, வெள்ளீயத்தைக் காரம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கடிவாளமும் தனித்தனிக் கையில். எதை வேண்டுமானாலும் இழுக்கலாம், விடலாம். சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வருடக்கணக்கில் நிலையாக ஓடும்.

ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தொடவே கூடாது. சயனைடில் தவறி அமிலம் பட்டால் வருகிற வாயு சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். முலாம் வேலையில் அமிலத் தொட்டி எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். பயிற்சி பெற்ற ஆட்களும் தனித் தொட்டி வரிசையும் முறையான கழிவுச் சுத்திகரிப்பும் இல்லாத இடத்தில் சயனைடுக்கு வேலை இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடமோ சிறு பட்டறையோ, பைரோபாஸ்பேட் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் தொடங்குங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. பைரோபாஸ்பேட் இரண்டு உலோகத்தையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் சயனைடு மாதிரி செம்பை மட்டும் தனியாகக் கட்டிப்போடாது. மீதி வேலை நம்முடையது. கரைசலில் செம்பைக் குறைவாக வைப்பது, அதிகம் கலக்காமல் இருப்பது, மின்னோட்டத்தைச் சரியாக வைப்பது, இந்த மூன்றும்தான் நம் கையில் இருக்கும் கடிவாளம்.

வாங்க வேண்டியவை

மின்சாரத்துக்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மேசை டிசி பவர் சப்ளை போதும். 30 வோல்ட், 3 ஆம்பியர் தாராளம். மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் வசதி கட்டாயம் இருக்கவேண்டும். செல்போன் சார்ஜரை வைத்துச் செய்யாதீர்கள். அதில் மின்னோட்டம் எவ்வளவு போகிறது என்றே தெரியாது, அது தெரியாவிட்டால் இந்த வேலையில் எதுவுமே தெரியாது.

வேதிப்பொருள்களுக்குப் பாரிமுனை, நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் போங்கள். பொட்டாசியம் பைரோபாஸ்பேட், மயில்துத்தம் (செம்பு உப்பு), ஸ்டானஸ் குளோரைடு (வெள்ளீய உப்பு), கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம், கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. எல்லாமே ஆய்வுக்கூடத் தரத்தில் இருந்தால் போதும். ஸ்டானஸ் குளோரைடு மட்டும் சிறிய பாட்டிலாக, சீல் உடையாததாகப் பார்த்து வாங்குங்கள். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் அதற்கு ஆகாது. திறந்து வைத்த பாட்டிலில் உப்பு வெளுத்துக் கட்டிதட்டி, பிறகு கரைக்கும்போது தெளியவே தெளியாது.

தராசு மில்லிகிராம் வரை காட்டவேண்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறிய மின்னணுத் தராசு சரியாக இருக்கும். அப்புறம் கரைசல் அமிலமா காரமா என்று அளக்க, பேனா மாதிரி இருக்கும் பி.எச் மீட்டர். கரைசல் அடர் நீலமாக இருப்பதால் பி.எச் தாளின் நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது.

இப்போது தண்ணீர். என் முதல் கரைசலை நான் கெடுத்தது தண்ணீரால்தான். போர் தண்ணீர் ஆகாது என்று தெரியும், குடிக்கிற கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் அடியில் வெண்மையாகக் கசடு நின்றது. குடிநீரில் சுவைக்காக விட்டுவைக்கும் கால்சியம் பைரோபாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கரைசலுக்கும் கடைசி அலசலுக்கும் அதுதான்.

கரைசல் கலக்குவது

ஒரு லிட்டருக்கு நான் சொல்லும் தொடக்க அளவு இது: பொட்டாசியம் பைரோபாஸ்பேட் 300 கிராம், மயில்துத்தம் 25 கிராம், ஸ்டானஸ் குளோரைடு 25 கிராம். முதல் தடவை அரை லிட்டர் போதும், எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இது முடிவான சமையல் குறிப்பு இல்லை. உங்கள் தொட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ஒரு தொடக்கப் புள்ளி.

ஆனால் வரிசையில் பிசகக்கூடாது. பைரோபாஸ்பேட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். மயில்துத்தத்தைக் கொஞ்சம் தண்ணீரில் தனியாகக் கரைத்து, முதல் பாத்திரத்தில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். ஊற்றிய இடத்தில் வெளிர்நீலமாகத் திரியும், பயப்படவேண்டாம், கலக்கக் கலக்கக் கரைந்து அடர் நீலமாகத் தெளியும். ஸ்டானஸ் குளோரைடை வெறும் தண்ணீரில் போடாதீர்கள், பால் மாதிரி ஆகிவிடும். நேராக இரண்டாவது பாத்திரத்தில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கலக்குங்கள். முந்தையது கரைந்த பிறகே அடுத்த சிட்டிகை. இரண்டும் தெளிந்த பிறகு ஒன்றாகச் சேர்த்து, மீதித் தண்ணீரை ஊற்றி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பி.எச் 8.5க்கும் 9க்கும் நடுவில் இருக்கட்டும். ஏறியிருந்தால் நீர்த்த பாஸ்பாரிக் அமிலம், இறங்கியிருந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இரண்டுமே சொட்டுச் சொட்டாக. கரைசலைக் கொதிக்கவிடாதீர்கள், அதிக வெப்பத்தில் பைரோபாஸ்பேட் சாதாரண பாஸ்பேட்டாகச் சிதைந்து பிடிமானத்தை இழந்துவிடும். 40 பாகை போதும். காற்றுக் குமிழி விட்டுக் கலக்கவும் கூடாது. காற்றில் உள்ள ஆக்சிஜன் வெள்ளீயத்தை நான்கு இணைதிறன் நிலைக்குத் தள்ளிவிட்டால் அது இந்தக் கரைசலில் வேலைக்கு வராது, வெள்ளைக் கசடாக அடியில் உட்காரும்.

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் சொல்லவேண்டுமா என்று நினைக்காதீர்கள். மயில்துத்தத் தூசி கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், புண்ணாக்கும். கண் கண்ணாடி போடாமல் பாத்திரத்தின் மேல் குனியவே வேண்டாம்.

தகடு

முதல் ஒரு மாதம் செம்புத் தகடு, அல்லது எவர்சில்வர் என்று நாம் சொல்லும் 304 ஸ்டெயின்லெஸ் தகடு, இரண்டு மட்டும். சாதாரண இரும்பில் தொடங்காதீர்கள். மின்சாரம் இல்லாமலே செம்பு இரும்பின் மேல் தானாகப் படிந்துவிடும், அப்படிப் படிந்தது நகத்தால் கீறினால் வந்துவிடும். இரும்புக்கு முதலில் வேறு ஒரு மெல்லிய அடிப்பூச்சு தேவை, அது தனிப் பாடம்.

5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வெட்டி, மேல் மூலையில் துளை போட்டுச் செம்புக் கம்பியில் தொங்கவிடுங்கள். நைஸ் எமரித் தாளில் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு நம் வீட்டில் புளி போட்டுத் தேய்ப்பார்களே, அந்தப் புளியின் அமிலம் செய்வதும் இதே வேலைதான், ஆக்சைடை எடுப்பது. ஆனால் புளியின் நார்ப்பசை தகட்டில் தங்கும் என்பதால் இங்கே நீர்த்த கந்தக அமிலம். பேட்டரி ஆசிட் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும், மாற்றி ஒருபோதும் கூடாது. பதினைந்து விநாடி நனைத்து அலசினால் போதும்.

அலசிய தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். உரிந்து வரும் முலாம்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறியிருக்கும். சுத்தமான பிறகு விரல் படவே கூடாது. மழைக்காலத்து ஈரக்காற்றில் செம்புத் தகடு சீக்கிரம் மங்கும், அதனால் நேராகத் தொட்டிக்குக் கொண்டு போங்கள்.

மூன்று தகடுகள்

நேர்முனையில் செம்புத் தகடு, பூசும் தகட்டைப் போல இரண்டு மடங்கு பரப்பில். எதிர்முனையில் பூசவேண்டிய தகடு. இதை மாற்றி இணைத்துவிட்டு "கரைசல் சரியில்லை" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு தரம் பார்த்து இணையுங்கள். பவர் சப்ளையை ஓடவிட்டுத்தான் தகட்டை இறக்கவேண்டும்.

பரப்பைக் கணக்கிடுங்கள். ஒரு பக்கம் 25, இரண்டு பக்கம் 50 சதுர சென்டிமீட்டர், அதாவது அரைச் சதுர டெசிமீட்டர். முலாம் தொழிலில் எல்லாக் கணக்கும் சதுர டெசிமீட்டருக்கு எத்தனை ஆம்பியர் என்றுதான் ஓடும்.

இப்போது முதல் பாடம். மூன்று தகடுகளை எடுத்து, மற்ற எதையும் மாற்றாமல், சதுர டெசிமீட்டருக்கு 0.2, 0.5, 1 ஆம்பியர் என்று மூன்று மின்னோட்டத்தில் பூசுங்கள். உங்கள் தகட்டுக்கு அது 0.1, 0.25, 0.5 ஆம்பியர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மின்னோட்டம் ஏற ஏறச் சிவப்பு குறைந்து பொன்னிறமாகி, பிறகு சாம்பல் பக்கம் போவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். காரணம் இதுதான்: கரைசலில் செம்பு குறைவு. அது தகட்டை வந்து சேர்வதற்கு ஒரு வேக எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டி மின்சாரம் கொடுத்தால் மீதியை வெள்ளீயம்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். இன்னும் ஏற்றினால் இரண்டும் தீர்ந்துபோய் ஓரங்களில் கருகிய பொடி படியும்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நன்றாகக் கலக்கினால் முலாம் நன்றாக வரும் என்று நினைத்து ஒரு முறை காந்தக் கலக்கியை வேகமாகச் சுழலவிட்டேன். பொன்னிறமாக வந்துகொண்டிருந்த தகடு மறுபடி சிவந்தது. கலக்கினால் செம்பு வேகமாக வந்து சேர்கிறது, முந்திரிக்கொட்டைக்கு வழி விட்டதுபோல ஆயிற்று. வெப்பத்தை ஏற்றினாலும் பெரும்பாலும் இதே கதை. சித்திரை வெயிலில் அறையில் வைத்த கரைசலே 35 பாகையைத் தொட்டுவிடும், மார்கழியில் அப்படி இல்லை. அதனால்தான் ஒரே பட்டறையில் ஒரே கரைசல் கோடையில் ஒரு நிறமும் குளிரில் ஒரு நிறமும் தரும். ஒரு வாளி வெந்நீரில் தொட்டியை வைத்து எப்போதும் 40 பாகையில் நிறுத்துங்கள்.

இந்த மூன்று தகடு வேலையை ஒரே தகட்டில் முடிக்க ஒரு கருவி இருக்கிறது, ஹல் செல். 1939இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 267 மி.லி. கொள்ளும் சரிவகப் பெட்டி, தகடு அதில் சாய்வாக நிற்கும். நேர்முனைக்குக் கிட்ட இருக்கும் ஓரத்தில் மின்னோட்டம் அதிகம், எட்டி இருக்கும் ஓரத்தில் குறைவு. மொத்தம் அரை ஆம்பியர் கொடுத்தால் கிட்ட ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டரில் சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 2.5 ஆம்பியர், 5 சென்டிமீட்டரில் 0.7, 8 சென்டிமீட்டரில் 0.2. பத்து நிமிடத்தில் சிவப்பு முதல் கருகல் வரை முழு வரிசையும் ஒரே தகட்டில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் பவர் சப்ளைக்கு அடுத்து வாங்கவேண்டியது இதுதான்.

எடைக் கணக்கு

பூசுவதற்கு முன்னும் பின்னும் தகட்டைக் காயவைத்து எடை போடுங்கள். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், மின்சாரம் வீணாகாமல் இருந்தால், 1.185 கிராம் செம்பு படியும். இரண்டு இணைதிறன் வெள்ளீயம் என்றால் 2.214 கிராம். 15 சதவீத வெள்ளீயம் உள்ள வெண்கலத்துக்கு இடைப்பட்ட அளவு 1.27 கிராம்.

0.25 ஆம்பியரில் 40 நிமிடம் ஓட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 0.21 கிராம் ஏறியிருக்கவேண்டும். தராசில் 0.17 தான் காட்டுகிறது என்றால் மின்சாரத்தில் 80 சதவீதம்தான் முலாமாகியிருக்கிறது. மீதி பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழியாகப் போயிருக்கும். தடிமனும் இதிலிருந்தே வரும். வெண்கலத்தின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 8.8 கிராம் என்று வைத்து, 0.17ஐ அதாலும் பரப்பு 50ஆலும் வகுத்தால் சுமார் 3.9 மைக்ரான்.

நிறத்தைப் பார்த்து வெள்ளீயத்தின் அளவைச் சொல்வது ஒரு மதிப்பீடு மட்டுமே. தி.நகர் நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்தால் தெரியும் என்று பலர் போகிறார்கள். செம்புத் தகட்டின் மேல் பூசியதை அங்கே கொண்டுபோனால் கதிர் முலாமைத் தாண்டி அடித்தகட்டின் செம்பையும் சேர்த்து எண்ணி, வெள்ளீயத்தைக் குறைத்துக் காட்டும். அதற்குத்தான் எவர்சில்வர் தகடு. அதில் பூசி, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் புகைபோக்கிக்குக் கீழே வைத்து, சம அளவு தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் முக்குங்கள். பழுப்புப் புகை வரும், அதைச் சுவாசிக்கவே கூடாது. செம்பு கரைந்து நீலமாகும், எவர்சில்வர் அசையாது, வெள்ளீயம் வெள்ளைப் பொடியாக நிற்கும். அந்தப் பொடியை வடிகட்டி, உலையில் சுட்டு, எடை போட்டு 0.788ஆல் பெருக்கினால் வெள்ளீயத்தின் எடை. 0.17 கிராம் முலாமிலிருந்து 0.032 கிராம் பொடி வந்தால் வெள்ளீயம் 0.025 கிராம், கிட்டத்தட்ட 15 சதவீதம்.

பிடிமானம் பார்க்கச் செம்புத் தகட்டை இரண்டாக மடக்கி நிமிர்த்துங்கள். மடிப்பில் செதில் எழுந்தால் சுத்தம் போதவில்லை.

பத்துப் பன்னிரண்டு தகடுகள் போன பிறகு நிறம் மெல்லச் சிவப்புக்குத் திரும்பும். நேர்முனையிலிருந்து செம்பு மட்டும் கரைந்து வந்துகொண்டே இருக்கிறது, வெள்ளீயத்தை யாரும் திருப்பி ஊற்றவில்லை. கொஞ்சம் பைரோபாஸ்பேட்டில் கரைத்த ஸ்டானஸ் குளோரைடைச் சேர்த்து, ஹல் செல்லில் ஒரு தகடு போட்டுப் பாருங்கள். தேதி, வெப்பம், பி.எச், ஆம்பியர், நிமிடம், எடை, நிறம் என்று ஒவ்வொரு தகட்டுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் எப்போது சேர்க்கவேண்டும் என்று நோட்டே சொல்லும். ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவு ஒன்று நம் தரமணியிலேயே இருக்கிறது.

கழிவு

பூசி முடித்த தகட்டின் முதல் அலசலைத் தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள். அந்தத் தண்ணீரில் உங்கள் செம்பும் வெள்ளீயமும்தான் இருக்கிறது. தொட்டியில் ஆவியாகிக் குறையும் அளவுக்கு அதையே திரும்ப ஊற்றலாம். பொருளும் மிச்சம், சாக்கடைக்குப் போவதும் குறையும்.

வீணான கரைசலை ஒரு சொட்டுகூட வாஷ் பேசினில் ஊற்றாதீர்கள். செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும், நம் கூவமும் அடையாறும் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பது போதும். சோடாக் காரம் போட்டால் செம்பு இறங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள், பைரோபாஸ்பேட் பிடித்து வைத்திருப்பதால் இதில் அது சரியாக இறங்காது. சுண்ணாம்பின் கால்சியம் முதலில் பைரோபாஸ்பேட்டையே வீழ்படிவாக்குவதால் அதுதான் வேலை செய்யும். ஆனால் அந்தக் கசடும் அபாயக் கழிவுதான், குப்பைத் தொட்டிக்கு உரியது இல்லை.

தொழிலாகச் செய்வதென்றால் மின்முலாம், மாசு மிகுந்தவை என்று வகைப்படுத்திய சிவப்பு வகைத் தொழில். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்காமல் தொட்டி வைக்கவே கூடாது. கசடு கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்குப் போகவேண்டும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்கள் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை ஒதுக்கி, "செம்பு, வெள்ளீயம், பைரோபாஸ்பேட்" என்று தேதியோடு எழுதி ஒட்டி, அதில் அமிலம் எதையும் கலக்காமல் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் கல்லூரியின் கழிவுப் பொறுப்பாளரிடமோ, சுத்திகரிப்பு வசதியுள்ள முலாம் பட்டறையிலோ கேட்டு ஒப்படையுங்கள்.